ஆறு நிமிடம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமாயொகி ஆற்றின் மேல் பனிக்கட்டி
ஓர் ஆள் நடக்கிற கனத்துக்கு வந்துவிட்டது.
ஆய்வகத்தின் நாலாம் மாடிக்கு
ஹில்யே இரவு வேலைக்கு வந்தாள்:
கறுப்பு ரொட்டி, உப்பிட்ட மீன்,
அணைத்து வைத்த கைபேசி.
நான் அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்பவன்.

நுண்ணோக்கிக்கு அடியில் அமீபாக்கள்.
தட்டுக்கு ஒரு லட்சம் இருக்கலாம், யார் எண்ணினார்கள்.
ஈர மண்ணில் பாக்டீரியா கிடைக்கிற வரைக்கும்
ஒன்றையொன்று முகம் பார்க்காதவை.
முகமே இல்லை என்பது வேறு விஷயம்.

பசி வந்தால்தான் பேச்சு.
சில மணிநேரம் பட்டினி போட்ட பிறகு
எங்கோ ஒன்று
துளி ரசாயனத்தை வெளியே விடும்.
பக்கத்தில் இருப்பது அதை உணர்ந்து
தானும் ஒரு துளி விட்டு
சேதி வந்த திசைக்கு ஓர் அடி வைக்கும்.
அடுத்தது. அதற்கடுத்தது.
ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை
தட்டு முழுக்க வட்டம் வட்டமாக
இருட்டும் வெளிச்சமும் ஓடும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தச் செவிட்டுத்தனம்.
கேட்டதைச் சொல்லி முடித்ததும்
ஒவ்வொரு செல்லும் சற்று நேரம் காதை அடைத்துக்கொள்கிறது.
இல்லாவிட்டால் போன சேதி திரும்பி வரும்,
அலைக்கு முன்னும் இராது, பின்னும் இராது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அலுத்துக்கொள்கிறோம்.
இங்கே சங்கொலி ஊர் போய்ச் சேர்வதே
ஊதியவன் செவிடாவதால்தான்.

அதுவும் போதாது.
வெளியே மிதக்கும் பழைய சேதியைத் தின்று தீர்க்க
ஒரு நொதி சுரக்க வேண்டும்,
எழுதியதை உடனே துடைக்கிற கை.
ஹில்யே அந்தக் கையைத்தான் வெட்டியிருந்தாள்,
மரபணுவில், போன கோடையில்.
துடைக்கத் தெரியாத அமீபாக்கள்
கூப்பிட்டன, கூப்பிட்டன.
எத்திசையிலும் ஒரே கூப்பாடு.
ஒன்றும் நகரவில்லை.
பதினோரு இரவாக இதே படம்.

உன் போன் அணைந்திருக்கிறதே, என்றேன்.
‘ரைவோ’ என்றாள்.
பிறகு மீனை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
பிரிந்து பதினாறு மாதம்.
அவன் அனுப்பிய எதையும் நான் அழிக்கவில்லை.
இப்போது புதிதாக ஒன்று வந்தால்
பழையவற்றின் இரைச்சலில்
என்ன சொல்கிறான் என்றே விளங்குவதில்லை.
எனக்குப் பதில் தோன்றவில்லை.
லென்ஸைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டரை மணிக்கு
சாதாரண அமீபாக்கள் வளர்ந்த நீரை வடிகட்டி
(செல் ஒன்றும் இல்லை அதில், அவற்றின் நொதி மட்டும்)
ஏழு சொட்டு விட்டாள்.
முப்பது நிமிடம். நாற்பது.
வெளியே பனி வாரும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
எனக்குக் கண் சொக்கியது.

‘இந்திரெக்!’
திரையின் இடது ஓரத்தில்
மேசையில் தேநீர்க் கோப்பை விட்ட தடம் போல
ஒரு வளையம்.
அது அகன்றது.
ஆறு நிமிடம் கழித்து இன்னொன்று.
பிறகு ஒன்றின் வாலை ஒன்று பற்றி
ஓடை ஓடையாக நடுவே திரண்டன.
ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள்.
இங்கே ஊரே தேர்.
ஓடில்லாத நத்தை போல
ஒரு மில்லிமீட்டர் உடம்போடு
வெளிச்சம் பார்த்து ஊரும்.
கடைசியில் நிமிர்ந்து நிற்கும்.
ஐந்தில் ஒரு பங்கு தண்டாகிச் சாகும்,
மிச்சம் உச்சியில் வித்தாகும்.
அந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

முதலில் கூப்பிட்டது எது?
படத்தைப் பின்னோக்கி ஓட்டினோம்.
வளையம் சுருங்கிச் சுருங்கி
பத்துப் பன்னிரண்டு செல்களில் வந்து நின்றது.
எதற்கும் தலைவன் சாயல் இல்லை.
கொஞ்சம் கூடுதலாகப் பசித்த ஏதோ ஒன்று,
அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஏழரைக்கும் இருட்டு.
வளைவுப் பாலத்தின் உச்சியில் அவள் நின்றுகொண்டாள்.
கைபேசி உயிர் வந்து
உள்ளங்கையில் அதிர்ந்தபடியே இருந்தது.
நான் இறங்கி நடந்தேன்.
திரும்பிப் பார்த்தபோது
நீல வெளிச்சத்தில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.
அழிக்கிறாளா, எழுதுகிறாளா,
அந்தத் தூரத்தில் தெரியவில்லை.
பேருந்து வந்துவிட்டது.